கேள்விக்கு முன்னால் பிறந்த விடை

மூன்று மணிக்கு ஒரு பெண்ணைப் பள்ளியை விட்டு அனுப்பப் போகிறார்கள். இப்போது மணி பதினொன்றரை. கடிகாரத்தைப் பார்த்த ரேடியோ, இன்றைக்கு மதியச் சாப்பாடு இல்லை என்று வயிற்றுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தான்.

ரேடியோ என்பது பட்டப்பெயர். பஸ் கண்டக்டராக இருந்தவன். டிக்கெட்டை விடப் பேச்சை அதிகம் கிழிக்கிறார் என்று பயணிகளே புகார் எழுதி வேலை போனது. அவனைச் சேர்த்துக்கொண்டவளுக்கு மீட்டர் என்று பெயர். இருபது வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவள். கதவு திறக்கிற வேகத்தை வைத்தே உள்ளே என்ன ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவாள். அந்தத் திறமைக்கு மின்வாரியத்தில் மதிப்பில்லை என்பதால் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். ரேடியோ அவளை அக்கா என்று கூப்பிடுவான். வயதில் இருவருக்கும் நாலு மாதம்தான் வித்தியாசம்.

அவர்களை அமர்த்தியிருப்பவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். மனைவி இறந்து நாலு வருடம் ஆகிறது. வீட்டில் அவரும் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரே மகளும்தான். அந்த மகள் கட்டுரைத் தேர்வின் வினாத்தாளை முன்கூட்டியே திருடிவிட்டாள் என்பது பள்ளியின் குற்றச்சாட்டு. தேர்வு நடந்தது இந்த மாதம் பதினாலாம் தேதி. அவள் பள்ளி கொடுத்த லேப்டாப்பில் எழுதிக் கொடுத்த விடையில், அது உருவான தேதியாகவும் கடைசியாகத் திருத்திய தேதியாகவும் போன மாதம் இருபத்தேழு பதிந்திருக்கிறது. அன்றைக்கும் அதற்கு முந்தின நாளும் பள்ளியே விடுமுறை. ஆகவே விடுமுறையிலேயே வினாத்தாள் கைக்கு வந்து, வீட்டில் எழுதி வைத்து, தேர்வறையில் சும்மா தட்டச்சு செய்கிற மாதிரி நடித்திருக்கிறாள். தலைமை ஆசிரியை இதை மனப்பாடப் பகுதி போல ஒப்பித்தார்.

"தேதி பொய் சொல்லாதுங்க," என்று முடித்தார்.

மீட்டர் விடைத்தாளின் அச்சுப் பிரதியை எடுத்தாள். தினமும் நடந்து போகும் ஒரு வழியைப் பற்றி எழுதுக என்பது கேள்வி. அவள் நிதானமாகப் படித்தாள். அவ்வளவு நேரமும் தலைமை ஆசிரியை மேசையில் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"இதை நீங்க படிச்சீங்களா?" என்று மீட்டர் கேட்டாள்.

"திருட்டு விடையை நான் எதுக்குப் படிக்கணும்?"

மீட்டர் தாளை ரேடியோவிடம் நீட்டி மூன்றாவது பத்தியில் விரலை வைத்தாள். ஒன்பதாம் தேதி நடைபாலத்தில் விரிசல் கண்டு மூடிவிட்டார்கள், அதிலிருந்து தண்டவாளத்தைச் சுற்றிக்கொண்டு போகிறேன், இருபது நிமிடம் கூடுகிறது என்று அந்தப் பெண் எழுதியிருந்தாள். பாலம் மூடியது இந்த மாதம்தான் என்பது ஊருக்கே தெரியும்.

"இந்த மாசம் மூடப்போற பாலத்தைப் பத்திப் போன மாசமே எழுதியிருக்கு," என்றான் ரேடியோ. "மேடம், இந்தப் பொண்ணை வெளியே அனுப்பாதீங்க. வாசல்ல ஒரு நாற்காலி போட்டுக் குறி சொல்லச் சொல்லுங்க. உங்களுக்கு எப்போ டிரான்ஸ்ஃபர்னு நானும் தெரிஞ்சுக்கறேன்."

தலைமை ஆசிரியைக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்து பல வருடம் ஆகியிருக்கும் என்று ரேடியோவுக்குத் தோன்றியது. அவர் தாளைத் திரும்ப வாங்கி, அந்தப் பத்தியை இரண்டு முறை படித்து, அசராமல் அடுத்த கத்தியை உருவினார். தேதி தப்பென்றால் யாரோ லேப்டாப்பில் கை வைத்திருக்கிறார்கள். பள்ளி லேப்டாப்பின் பூட்டுகளில் கை வைப்பதற்கும் அதே தண்டனைதான். திருடி என்று போகலாம், இல்லாவிட்டால் பூட்டை உடைத்தவள் என்று போகலாம், வாசல் ஒன்றுதான் என்றார். எது என்று மூன்று மணிக்குள் சொன்னால் சான்றிதழில் எழுத வசதியாக இருக்கும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

கம்ப்யூட்டர் லேபில் இருந்த ஆசிரியரை எல்லோரும் லேப் சார் என்றே அழைத்தார்கள். பூட்டுகளைப் பற்றிக் கேட்டதும் பெற்ற பிள்ளைகளைப் பற்றிக் கேட்டது போல அவர் முகம் மலர்ந்தது. நானூறு லேப்டாப். ஒன்றிலும் விளையாட்டு ஏற்ற முடியாது, பாட்டு கேட்க முடியாது, திரையில் இருக்கும் பள்ளிச் சின்னத்தைக்கூட மாற்ற முடியாது. ஒரு பையன் எப்படியோ பூனைக்குட்டி படம் போட்டுவிட்டான். அதை எடுத்துவிட்டு அவன் பெற்றோரையும் வரச்சொன்னதாகப் பெருமையாகச் சொன்னார். சாயங்காலம் ஆறு மணி அடித்தால் இன்டர்நெட் மொத்தமும் நின்றுவிடும். பள்ளி அறிவித்த விடுமுறை நாட்களில் மட்டும் எல்லாம் திறந்திருக்கும், சனி ஞாயிறுகூட அதில் சேராது.

"விடுமுறையில யார் வந்து திறப்பாங்க? நீங்களா?" என்று மீட்டர் கேட்டாள்.

நானூறையும் கையால் திறக்க அவருக்கு என்ன பைத்தியமா என்று லேப் சார் கேட்டார். விடுமுறைத் தேதிகளை வருட ஆரம்பத்திலேயே ஒவ்வொரு லேப்டாப்பிலும் போட்டு வைத்துவிட்டார். அந்தத் தேதி வந்தால் அதுவே திறந்துகொள்ளும், போனால் அதுவே பூட்டிக்கொள்ளும்.

"தேதி வந்துடுச்சுன்னு அதுக்கு யார் சொல்வாங்க?"

"அதுலயே கடிகாரம் இருக்கே."

"அந்தக் கடிகாரத்துக்குப் பூட்டு?"

  கடிகாரத்தை யாராவது பூட்டுவார்களா என்று லேப் சார் முனகினார். நானூறு வீட்டுக்கு எஃகுக் கதவு போட்டுவிட்டுச் சாவியை வெளிப்பக்கம் தொங்கவிட்டிருக்கிறார் என்று ரேடியோ விளக்கிச் சொன்னான். அந்த விளக்கம் அவருக்குத் தேவைப்படவில்லை.

ஆனால் கடிகாரத்தைத் திருப்பினால் காலையில் மாட்டிக்கொள்வார்கள் என்று அவர் மானத்தைக் காப்பாற்றப் பார்த்தார். பள்ளிக்குள் நுழைந்து வைஃபையில் சேர்ந்ததும் எல்லா லேப்டாப்பின் தேதியும் தானாகச் சரியாகிவிடும். எத்தனை நாள் பிந்தியிருந்தது என்று ஒரு பட்டியலும் விழும். அந்தப் பட்டியலைப் பார்த்திருக்கிறாரா என்று மீட்டர் கேட்டாள். யாரும் கேட்கவில்லையே என்றார் அவர். பதினாலாம் தேதி மட்டும் ஏன் சரியாகவில்லை என்றும் அவரே கண்டுபிடித்தார். தேர்வில் காப்பியடிக்கக் கூடாது என்று அன்று காலை வைஃபையை நிறுத்தியது அவரேதான்.

பட்டியல் அச்சாகி வந்தது. முப்பத்தொரு மாணவர்களின் லேப்டாப்புகள் தினமும் விடுமுறையில் இருந்துவிட்டுப் பள்ளிக்கு வந்திருந்தன. அவற்றில் பதினாலாம் தேதி தேர்வுக்கு வந்தது அந்தப் பெண்ணுடையது மட்டும்தான். மீட்டர் அதன் எண்ணை மட்டும் பின்தொடர்ந்து கோடு போட்டாள். திங்கள், செவ்வாய், புதன், வியாழன் காலைகளில் தேதி பிந்தியிருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் சரியாக இருக்கிறது. எந்த வாரத்தைப் பார்த்தாலும் அப்படித்தான்.

"வியாழக்கிழமை சாயங்காலம் மட்டும் அந்த வீட்ல யாரும் கடிகாரத்தைத் திருப்பலை," என்றாள். அப்புறம் அலமாரியிலிருந்த அந்தப் பெண்ணின் லேப்டாப்பை எடுத்துத் தரச் சொல்லிவிட்டு, ரேடியோவை டீ வாங்கி வர அனுப்பினாள். அவன் திரும்பி வந்தபோது லேப்டாப்பை மூடிக்கொண்டிருந்தாள். டீயைக் குடிக்கவில்லை.

அந்தப் பெண்ணை அலுவலக வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். வகுப்புக்குப் போகக் கூடாது, வீட்டுக்கும் போகக் கூடாது. இரண்டு நாளாக அங்கேயேதான். போகிற வருகிற பிள்ளைகள் எல்லோரும் பார்த்துவிட்டுப் போகட்டும் என்பதற்காகவே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ரேடியோவுக்கு ஆத்திரமாக வந்தது.

சாயங்காலம் எங்கே இருப்பாய் என்று மீட்டர் கேட்டாள். ஆறிலிருந்து எட்டு வரை நூலகத்தில் இருப்பேன், தினமும்தான், வியாழக்கிழமையும்தான் என்றாள். லேப்டாப் ஆறு மணிக்குப் பூட்டிக்கொள்வதால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவாள். கடிகாரத்தைத் திருப்பத் தெரியுமா என்றதற்கு வகுப்பில் எல்லோருக்கும் தெரியும் என்றாள்.

"உன் விடையிலயே பாலத்தைப் பத்தி இருக்கு. அதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்த பெஞ்சே உனக்கு வேண்டாம். இவ்வளவு அழகா எழுதற பொண்ணுக்கு அது தெரியாமயா இருக்கும்?"

அவள் எதிர்ச் சுவரைப் பார்த்தாள். அந்த லேப்டாப்பைத் திறக்காமல் இதை முடிக்க முடியுமா என்று கேட்டாள். முடியாது என்றாள் மீட்டர்.

"அப்போ திருடினேன்னே எழுதிக்கட்டும்," என்றாள் அந்தப் பெண்.

ரேடியோவின் வாயில் எப்போதும் ஒரு நகைச்சுவை தயாராக இருக்கும். அன்றைக்கு அந்த இடத்தில் அதை விழுங்கிவிட்டான்.

மெக்கானிக்கை ஒரு ஒன்பது மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில் பிடித்தார்கள். பழுதாகியிருந்ததே அந்த லிஃப்ட்தான் என்பதால் ஒன்பது மாடியும் நடந்து ஏறினார்கள். குற்றவாளியைப் பிடிப்பது பெரிதில்லை, பிடித்தபிறகு மூச்சு இருக்க வேண்டும் என்று ரேடியோ ஏழாவது மாடியில் சொன்னான். குற்றவாளியா, நம்மை அமர்த்தினவரா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு எட்டாவது மாடியில் வாயை மூடினான். நின்று யோசித்தால் யாருக்கும் தெரிகிற விஷயம். மகளுக்கு எல்லாச் சாயங்காலமும் ஒன்றுதான். அந்த வீட்டில் வியாழக்கிழமை வேறாக இருப்பது இன்னொருவருக்கு.

வியாழக்கிழமை தனக்கு அவசர அழைப்புப் பணி, ஐந்திலிருந்து பத்து வரை வீட்டில் இருக்கமாட்டேன் என்று மெக்கானிக் சாதாரணமாகச் சொன்னார். மீட்டர் பட்டியலைக் காட்டினாள். அவர் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார். துடைத்து முடித்தபிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

புது லிஃப்ட்டின் மேனுவல் படிக்க வேண்டும் என்று மகளிடம் கேட்டாராம். போனில் எழுத்து சின்னதாக இருக்கிறது என்றாராம். அவள்தான் உட்கார வைத்துக் கடிகாரத்தைத் திருப்பச் சொல்லிக் கொடுத்தாள். பள்ளியில் தெரிந்தால் வம்பு, ஆனாலும் அப்பாவின் வேலைக்குத்தானே என்று சிரித்தாளாம். அந்தக் கடிகாரம்தான் மகள் தலையில் விழுந்தது என்பது அவருக்கு இதுவரை தெரியாது. அதை ரேடியோ நம்பினான். 

"ரொம்ப நல்லதாப் போச்சு," என்றாள் மீட்டர். "மூணு மணிக்கு வந்து இதையே சொல்லுங்க. நான் திருப்பினேன், மேனுவல் படிச்சேன்னு. லேப்டாப்பைத் திறந்து காட்டிடலாம்."

"திறக்கணுமா?"

"பின்னே?"

அவர் மோட்டாரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "வேற வழி ஏதாவது பாருங்களேன் மேடம்," என்றார்.

படி இறங்கும்போது ரேடியோ வழக்கு முடிந்துவிட்டது என்று அறிவித்தான். மனைவி இல்லாத மனுஷன், சாயங்காலம் இரண்டு மணி நேரம் தனியாக இருக்கிறார், மேனுவலில் என்ன படம் வந்திருக்கும் என்று தனக்குத் தெரியும், இதற்காக ஒரு பெண்ணைப் பலி கொடுப்பதா என்று பொரிந்தான். மீட்டர் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்த மாதிரிப் படமா இருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும்டா," என்றாள்.

மூன்று மணிக்குத் தலைமை ஆசிரியையின் அறையில் லேப்டாப் மேசை நடுவில் இருந்தது. ஒரு பக்கம் லேப் சார் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார். இன்னொரு பக்கம் அப்பாவும் மகளும் இருந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலி காலியாக விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மீட்டர் சுருக்கமாகச் சொன்னாள். பாலத்தைச் சொன்னாள், கடிகாரத்தைச் சொன்னாள், வெள்ளிக்கிழமையைச் சொன்னாள். அந்த நேரத்தில் மாணவி வீட்டில் இல்லை, நூலக வருகைப் பதிவில் கையெழுத்து இருக்கிறது என்றாள். வேறு யார் வீட்டில் இருந்தது என்பதை மட்டும் சொல்லாமல் நிறுத்தி, மெக்கானிக்கைப் பார்த்தாள். தலைமை ஆசிரியை, லேப் சார், ரேடியோ எல்லோரும் பார்த்தார்கள்.

மெக்கானிக் தரையைப் பார்த்தார்.

"நான்தான் திருடினேன்," என்றாள் மகள். "கேள்வி முன்னாடியே தெரியும். எழுதிக்கங்க."

நடக்கவே முடியாத ஒரு திருட்டை அவள் அத்தனை தெளிவாக ஒப்புக்கொண்டாள். ரேடியோ அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது திறப்பார், இப்போது திறப்பார் என்று காத்திருந்தான். தலைமை ஆசிரியை பேனா மூடியைக் கழற்றி, ஒப்புதல் என்று தலைப்பு எழுதி, தேதி போட்டு, ஒரு வரி எழுதி முடித்தார். அவ்வளவு நேரம் இருந்தது. மெக்கானிக் திறக்கவில்லை. வாழ்க்கையில் ரேடியோ ஒரு மனிதனை அத்தனை வெறுத்ததில்லை.

மீட்டர் எழுந்து லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள்.

"வேண்டாம் ஆன்ட்டி," என்றாள் அந்தப் பெண். அதுதான் அவள் கெஞ்சிய முதல் தடவை.

மீட்டர் கேட்கவில்லை. கடிகாரத்தில் கையை வைத்து நாட்களைப் பின்னுக்குத் தள்ளினாள். விடுமுறை வந்ததும் பூட்டுகள் திறந்தன. கடைசியாகத் திறந்திருந்த பக்கம் தானாக வந்து நின்றது. டீ வாங்கி வரச் சொன்ன பதினைந்து நிமிடத்தில் அக்கா இதைத்தான் பார்த்திருக்கிறாள் என்பது ரேடியோவுக்கு அப்போதுதான் புரிந்தது. ஒன்பது மாடி ஏறிப்போய் அந்த ஆளுக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுத்திருக்கிறாள்.

அது மறுமணத்துக்கு வரன் தேடும் தளம். மெக்கானிக்கின் புகைப்படம் இருந்தது, கோட்டு போட்டு, தலையை வழித்து வாரியிருந்தார். தலைமை ஆசிரியைக்கு எதையும் வாய்விட்டுப் படித்துத்தான் பழக்கம். வயது, தொழில், சொந்த வீடு என்று வரிசையாகப் படித்தார். மனைவி இறந்துவிட்டார் என்று படித்தார். அடுத்த வரியையும் நிறுத்தாமல் படித்துவிட்டார்.

"குழந்தைகள்: இல்லை."

 மெக்கானிக் எழுந்தார், பிறகு எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் நின்றார். மகளைப் பார்த்துச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. தலைமை ஆசிரியையிடம் சொன்னார்.

"ஒரு பொண்ணு இருக்குன்னுதாங்க முதல்ல போட்டேன். ஒன்பது மாசம் ஒருத்தர்கூடப் பதில் போடலை. இல்லைன்னு மாத்தின அன்னிக்கே மூணு பேர் போட்டாங்க. பேசி முடிச்சப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்னு..."

"இருபது நாளாச்சு," என்றாள் மகள். அப்பாவை அவள் பார்க்கவில்லை. "ஒரு நாள் மூடாமப் போயிட்டீங்க. நான் பார்த்தேன். நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன்."

ரேடியோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் ஏன் பாலத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தன்னைப் பெற்றவர் தன்னை இல்லை என்று எழுதியதை நாலு பேர் எதிரில் காட்டுவதைவிடத் திருடி என்ற பெயரோடு போவது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. அதையும் கெடுத்தாயிற்று.

 தலைமை ஆசிரியை ஒப்புதல் எழுதிய தாளைக் கிழித்தார். திருட்டு இல்லை, மாணவி பள்ளியில் தொடரலாம் என்றார். அவரால் முடிந்த இரக்கம் அவ்வளவுதான். பிறகு விதி விதிதானே என்று இழுப்பறையிலிருந்து வேறொரு படிவத்தை எடுத்தார். லேப்டாப்பின் கட்டுப்பாடுகளை இனி மீறமாட்டோம் என்று வீட்டார் எழுதிக் கொடுக்க வேண்டும், கையெழுத்துப் போட்டால் இப்போதே வகுப்புக்குப் போகலாம் என்று அதை மெக்கானிக் முன் தள்ளினார்.

மெக்கானிக் தப்பித்துப் போக ஒரு கதவு கிடைத்தவர் போலப் பேனாவைப் பிடித்தார். பெயர் எழுதினார். முகவரி எழுதினார். மாணவிக்கு என்ன உறவு என்று கேட்டிருந்த கட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. மீட்டரை நிமிர்ந்து பார்த்தார்.

"இதுக்காகவா உங்களைக் கூப்பிட்டேன்?" என்றார்.

"பொண்ணு திருடலைன்னு காட்டணும்னு கூப்பிட்டீங்க," என்றாள் மீட்டர். "காட்டியாச்சு."

அவர் குனிந்து, தகப்பனார் என்று எழுத ஆரம்பித்தார். பாதியில் மகளின் கை வந்து அந்தக் காகிதத்தை அவரிடமிருந்து இழுத்தது. கோபமாக இழுக்கவில்லை, வகுப்பில் பக்கத்துப் பெண்ணிடமிருந்து நோட்டை எடுத்துக்கொள்வது போல எடுத்துக்கொண்டாள்.

"மேடம், இவருக்குக் குழந்தை கிடையாது," என்று தலைமை ஆசிரியையிடம் சொன்னாள். "எனக்குப் பதினெட்டு முடிய இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கு. அப்போ நானே கையெழுத்துப் போடறேன். அதுவரைக்கும் எனக்கு லேப்டாப் வேண்டாம். எல்லாத்தையும் நோட்டுலயே எழுதிக்கறேன்."

விதியைக் காட்டி மறுக்க எவ்வளவோ இருந்தது. தலைமை ஆசிரியை அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார், பாதி எழுதியிருந்த உறவைப் பார்த்தார். காகிதத்தை வாங்கி, லேப்டாப்பின் மேல் வைத்து, இரண்டையும் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.